பெங்களூருவில் பன்னாட்டு உறைவிடப் பள்ளி: மாலை நான்கு மணிக்குப் பார்க்கப் போங்கள்

பெங்களூருவில் பன்னாட்டுப் பள்ளி தேடும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறோம்: காலை பத்து மணிக்குப் போகிறோம். அந்த நேரத்தில் எந்தப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். புல்வெளி நனைந்திருக்கும், வரவேற்பறையில் காபி கொடுப்பார்கள், நீச்சல் குளத்தில் ஏதோ ஒரு வகுப்பு நடந்துகொண்டிருக்கும். நானும் கணவரும் அப்படித்தான் நான்கு பள்ளிகளைப் பார்த்தோம், நான்கும் பிடித்துப்போயின. ஐந்தாவது பள்ளிக்குக் கிளம்பிய அன்று அவருக்கு அலுவலக வேலை நீண்டுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது மாலை நாலேகால். பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தன. ஏறாத பிள்ளைகள் சிலர் படிக்கட்டில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது: பேருந்து ஏறுகிறவர்களுக்கு ஒன்று, ஏறாதவர்களுக்கு இன்னொன்று.

இப்போது மகள் எட்டாம் வகுப்பிலிருந்து அங்கே விடுதியில் இருக்கிறாள்; மகன் அல்சூரிலிருந்து தினமும் போய்வருகிறான். புதிதாக வருகிறவர்களுக்காக, நாங்கள் தட்டுத்தடுமாறிச் செய்த வரிசையை விட்டுவிட்டு, செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

முதல் வேலை: தூரத்தை அளப்பது

இந்தப் பள்ளிகளுக்கு நிலம் நிறைய வேண்டும். அதனால் பெரும்பாலும் நகரத்தின் விளிம்பில்தான் இருக்கின்றன. கிழக்கே வர்த்தூர், தொம்மசந்திரா பக்கம் டிஐஎஸ்பி (தி இன்டர்நேஷனல் ஸ்கூல் பெங்களூர்), சர்ஜாப்பூர் பக்கம் இண்டஸ், வடக்கே விமான நிலையம் போகும் திசையில் ஸ்டோன்ஹில், எலகங்காவில் கனடியன். நம்மவர்கள் காலங்காலமாகக் குடியிருக்கும் அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜி நகர் எல்லாம் நகரத்தின் நடுவில். இரண்டுக்கும் இடையில் இருப்பது பெங்களூருப் போக்குவரத்து.

ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்துவிட்டு ‘முக்கால் மணி நேரம்தான்’ என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு உங்கள் தெருமுனையிலிருந்து கிளம்பிப் பாருங்கள். மாலை நான்கரைக்குத் திரும்பி வாருங்கள். வழியில் சில்க் போர்டு சந்திப்போ ஹெப்பாள் மேம்பாலமோ இருந்தால் இரண்டு முறை பாருங்கள், அதில் ஒரு முறையாவது மழை நாளாக இருக்கட்டும். காரின் நேரத்தோடு பேருந்து நிற்கும் நிறுத்தங்களுக்கும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதென்றால், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தினமும் அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். வீட்டை மாற்றுங்கள், அல்லது பள்ளியை மாற்றுங்கள். அந்த வயதில் விடுதி என்பது தூரத்துக்கு மருந்தாகாது.

ஓசூரில் இருப்பவர்களுக்கு ஒரு சேதி: சர்ஜாப்பூர் பக்கத்துப் பள்ளிகள் உங்களுக்கு, மல்லேஸ்வரத்தில் இருப்பவரைவிடக்கூடக் கிட்டம். பள்ளிப் பேருந்து அத்திப்பள்ளி தாண்டி மாநில எல்லைக்குள் வருமா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தங்குவதில் பொதுவாக மூன்று வகை. தினம் போய்வருவது ஒன்று. திங்கள் முதல் வெள்ளி வரை தங்கி வார இறுதியில் வீட்டுக்கு வருவது இரண்டாவது. பருவ விடுமுறை வரை முழுக்கத் தங்குவது மூன்றாவது. நடுவில் உள்ளது எல்லாப் பள்ளியிலும் கிடையாது. சில இடங்களில் குறிப்பிட்ட வகுப்புக்கு மேல்தான். சென்னையிலோ கோவையிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்கும் பெற்றோருக்கு மூன்றாவதுதான் வழி.

இரண்டாவது: பிளஸ் டூவிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

பாடத்திட்டத்தைப் பற்றி வரவேற்பறையில் நிறையப் பேசுவார்கள். நீங்கள் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பன்னிரண்டாம் வகுப்பு முடித்து என் பிள்ளை எங்கே போகப்போகிறான்?

பெரும்பாலான பன்னாட்டுப் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ என்ற பாடத்திட்டம் அல்லது ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) அமைப்பின் நடுநிலைத் திட்டம். பதினொன்று, பன்னிரண்டுக்கு ஐபி பட்டயப் படிப்பு. ஜெனிவாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐபி அமைப்பு 1968இல் தொடங்கியது. பட்டயப் படிப்பில் ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண். அதோடு 4,000 சொல் வரையிலான ஓர் ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் சேர்த்து 3. மொத்தம் 45, தேர்ச்சி பெறக் குறைந்தது 24 வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 38 என்பது எவ்வளவு நல்ல மதிப்பெண் என்று விளக்க ஒரு தீபாவளி முழுக்கத் தேவைப்படும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இந்தப் பட்டயத்தைப் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது. சிக்கல் வேறிடத்தில். ஐபியின் வழக்கமான அமைப்பில் ஒரு மாணவர் அதிகபட்சம் இரண்டு அறிவியல் பாடங்களைத்தான் எடுக்க முடியும். நீட் எழுதுகிறவருக்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மூன்றையும் எடுக்க ஐபியில் தனி அனுமதி வாங்கப் பள்ளியால் முடியும், ஆனால் அது பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்திலேயே நடக்க வேண்டிய வேலை. டாக்டர் கனவு வீட்டில் இருந்தால் ஒன்பதாம் வகுப்பிலேயே கேளுங்கள்: இதற்கு முன் உங்கள் மாணவர்கள் யாராவது நீட் எழுதியிருக்கிறார்களா, எப்படி?

இன்னொன்று நாள்காட்டி. மே மாதம் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஐபி முடிவுகள் ஜூலை முதல் வாரத்தில்தான் வரும். இந்தியக் கல்லூரிகளில் பல அதற்குள் விண்ணப்பங்களை முடித்துவிடும். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கப்போகிறீர்கள் என்றால் பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படும்; அதற்கான பெற்றோரின் பழைய காகிதங்களை இப்போதே எடுத்து வையுங்கள். கர்நாடக ஒதுக்கீட்டுக்கு, இங்கே ஏழு ஆண்டு படித்திருப்பது பொதுவாகக் கேட்கப்படும் தகுதிகளில் ஒன்று. எட்டாம் வகுப்பில் வருகிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு இடிக்கும்.

மூன்றாவது: மாலை நான்குக்குப் போய், இரவு எட்டரைக்குத் திரும்புவது

இதற்கு முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். மறுக்கிற பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. எங்களுக்கு ஓரிடத்தில் விடுதி அறை என்று ஒன்றைத் திறந்து காட்டினார்கள். இரண்டு கட்டில், சுருக்கமில்லாத விரிப்பு, மேசையில் ஒரு பூகோள உருண்டை. குளியலறைக்குள் போய்ப் பார்த்தேன்: சோப்புப் பெட்டி ஈரமே படாமல் இருந்தது. அந்த அறையில் யாரும் வசிக்கவில்லை. வசிக்கிற அறையைக் காட்டச் சொன்னபோது, ‘பிள்ளைகளின் தனிமை’ என்று பதில் வந்தது. தனிமை நியாயமான காரணம்தான். பிள்ளைகளிடம் கேட்டு, ஓர் அறையைக் காட்ட ஒப்புக்கொள்ள வைத்த பள்ளியில்தான் கடைசியில் சேர்த்தோம்.

போனால் எதைப் பார்ப்பது? முதலில் ஆட்களை எண்ணுங்கள். பள்ளியில் எண்ணூறு பேர், விடுதியில் இருநூறு பேர் என்கிற கணக்கு உங்களுக்கு உதவாது. உங்கள் பிள்ளையின் வகுப்பில், பெண் என்றால் பெண்கள், விடுதியில் எத்தனை பேர்? அவர்களில் வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போகாதவர்கள் எத்தனை பேர்? நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண்கள் விடுதியில் நான்கு பேர். அவர்களில் மூன்று பேர் வாரம்தோறும் வீட்டுக்குப் போகிறவர்கள். நான்காவது குழந்தையின் சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். முழுநேரம் தங்கப்போகிற பிள்ளைக்கு இந்த ஒரு கேள்வி, பாடத்திட்டம், நீச்சல் குளம், குதிரையேற்றம் எல்லாவற்றையும்விடப் பெரியது. அந்த வார இறுதிக்கான நிகழ்ச்சி நிரலை அறிவிப்புப் பலகையில் பாருங்கள். ‘ஓய்வு, திரைப்படம்’ என்று மட்டும் இருந்தால் கூடுதலாக விசாரியுங்கள்.

பிறகு பெரியவர்களைப் பாருங்கள். நாம் வார்டன் என்று சொல்பவரை இங்கே டார்ம் பேரன்ட் என்கிறார்கள். அவர் அதே மாடியில் குடும்பத்தோடு வசிக்கிறாரா, எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர், இந்த வேலையில் எத்தனை ஆண்டாக இருக்கிறார்? பகலில் பாடமும் அவரே நடத்துகிறார் என்றால் இரவில் களைத்திருப்பார். நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் பிள்ளை எந்தக் கதவைத் தட்டும் என்று கேளுங்கள். பிள்ளைகளிடமும் அதையே கேளுங்கள். இருவரும் ஒரே கதவைச் சொல்ல வேண்டும். இரவு செவிலியர் உண்டா, மருத்துவமனை எவ்வளவு தூரம், அங்கே போகும்போது உங்களுக்கு யார் போன் செய்வார்?

இரவு உணவை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மதியச் சாப்பாடு எல்லாருக்கும் சமைப்பது. இரவுச் சாப்பாடு விடுதிக்காரர்களுக்கு மட்டும். சமையலறையின் மனம் அதில்தான் தெரியும். சைவம், அசைவம் தனித்தனி வரிசையா, கரண்டிகள் கலக்குமா என்பது உங்கள் வீட்டில் பெரிய விஷயம் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். தயிர் இருக்கிறதா என்று நான் பார்த்தேன். இருந்தது, சர்க்கரை போட்டு.

சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ படிப்பு நேரம் ஒன்று உண்டு, பிரெப் என்பார்கள். மேற்பார்வை பார்ப்பவர் பாடம் தெரிந்த ஆசிரியரா, சும்மா உட்கார்ந்திருப்பவரா என்று பாருங்கள். இரவில் போன்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா என்பதும் முக்கியம். வாங்கி வைக்கும் பள்ளியைப் பிள்ளைகள் திட்டுவார்கள், சேருங்கள்.

பணம், காகிதம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் இருப்பது கல்விக் கட்டணம் மட்டும். விண்ணப்பக் கட்டணம், ஒருமுறை கட்டும் சேர்க்கைக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புத்தொகை, விடுதி, பேருந்து, ஐஜிசிஎஸ்இ, ஐபி தேர்வுக் கட்டணம், மடிக்கணினி, வெளியூர்ப் பயணங்கள் எல்லாம் தனி. ‘பன்னிரண்டு மாதத்தில் என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்’ என்று எழுத்தில் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் கட்டணம் எவ்வளவு ஏறியது என்றும் கேளுங்கள். விலகும்போது எத்தனை மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மாற்றலாகிப் போனபோது அறிவிப்பு மூன்று வாரம் தாமதம் என்று வைப்புத்தொகையை முழுதாக இழந்தது.

காகிதங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, இரண்டாண்டு மதிப்பெண் அறிக்கைகள், மாற்றுச் சான்றிதழ். மாநிலம் விட்டு மாநிலம் வருவதால் மாற்றுச் சான்றிதழில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கலாம். ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் வாங்கிவிடுங்கள். பிறகு அதற்கென்று ஒரு நாள் விடுப்புப் போட்டு ரயில் ஏற வேண்டிவரும். பன்னாட்டுப் பள்ளிகளில் பல ஆகஸ்டில் ஆண்டைத் தொடங்குகின்றன, தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஜூனில். இடையில் கிடைக்கும் அந்த நீண்ட கோடையை ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் அடைக்காமல் பாட்டி வீட்டில் கழிய விடுங்கள்.

முழுநேரம் தங்குகிற பிள்ளைக்கு உள்ளூர்க் காப்பாளர் ஒருவரின் பெயர் கேட்பார்கள். சித்தப்பாவோ அத்தையோ நகரத்தில் இருந்தால் நல்லது. பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், அவரை ஒருமுறை பள்ளிக்கு அழைத்துப்போய் வாயிற்காவலரிடம் முகம் காட்டிவிட்டு வாருங்கள்.

பெட்டி

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையில் பெட்டி கட்டுகிறவர்களுக்கு இது உடம்பில் உறைக்காது. ஜூலை, ஆகஸ்டில் நாள் முழுக்கத் தூறும். டிசம்பர் இரவில் பாதம் சில்லிடும். ஸ்வெட்டர் இரண்டு, மழைக்கோட்டு ஒன்று, காலுறை எண்ணிச் சொல்லும் அளவைவிட நான்கு ஜோடி கூடுதலாக.

எல்லாவற்றிலும் பெயர் வேண்டும். சலவைக்குப் போகும் துணியில் மையால் எழுதுவது மூன்றாம் வாரம் மங்கிவிடும். துணிப் பட்டையில் பெயர் நெய்து தருவார்கள், அதை வாங்கித் தையுங்கள். ஒவ்வொரு காலுறையிலும் தனித்தனியாக. என் மாமியார் இரண்டு நாள் உட்கார்ந்து நூற்றுப்பதினொரு பட்டை தைத்தார். முதல் பருவ முடிவில் மகள் பதினேழு ஒற்றைக் காலுறைகளோடு வந்தாள், அதில் ஆறு வேறு யாருடையவோ.

தேங்காய் எண்ணெயைக் குறுகிய வாய்ப் பாட்டிலில் அனுப்பாதீர்கள். டிசம்பரில் அது கல்லாக உறைந்துவிடும். பிள்ளை அதைப் பல்துலக்கியின் காம்பால் குடைந்துகொண்டிருப்பாள். அகல வாய் டப்பா போதும். பருப்புப்பொடி, ஊறுகாய் அனுப்பலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எறும்புக்குப் பயந்து அறையில் உணவைத் தடுத்திருப்பார்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருந்தால் கடலை உருண்டை வாசலிலேயே நின்றுவிடும். மாத்திரைகளைப் பெட்டியில் ஒளித்து வைக்காதீர்கள். மருத்துவர் சீட்டோடு செவிலியரிடம் கொடுங்கள்.

முதல் ஆறு வாரம்

மகளின் போன் நேரம் மாலை ஏழேகாலிலிருந்து ஏழரை வரை. முதல் வாரம் அந்தப் பதினைந்து நிமிடமும் அழுகை. சாதம் வேகவில்லை, அறைத்தோழி விளக்கை அணைக்க விடுவதில்லை, எல்லாருக்கும் ஏற்கெனவே சிநேகிதிகள் இருக்கிறார்கள். நான்காம் நாள் காரை எடுக்கப் போனேன். கிளம்புமுன் டார்ம் பேரன்டை அழைத்தேன். அவர் சொன்னார்: “அம்மா, இப்போது கூடைப்பந்துத் திடலில் கத்திக்கொண்டிருக்கிறாள். போனை வைத்து நான்கு நிமிடம் ஆகவில்லை.” பிள்ளைகள் நமக்கென்று சேர்த்து வைத்த துக்கத்தை நம்மிடம் இறக்கிவிட்டு ஓடிவிடுகிறார்கள். நாம்தான் இரவு முழுக்க அதைச் சுமக்கிறோம்.

ஆனால் எல்லா அழுகைக்கும் இதையே சொல்லிச் சமாதானம் ஆகிவிடக் கூடாது. சாப்பிடவில்லை, தூங்கவில்லை, போனுக்கே வரவில்லை, பேச்சுக்காரப் பிள்ளை திடீரென்று ‘சரி, சரி’ என்று மட்டும் சொல்கிறது என்றால் அன்றே போங்கள். அனுமதி நேரம் இல்லை என்பார்கள். போய் வாசலில் நில்லுங்கள்.

தினமும் போய்வரும் பிள்ளைக்கு வேறு வகை ஏக்கம். நட்பெல்லாம் மாலையில்தான் இறுகுகிறது, அப்போது அவன் பேருந்தில் இருக்கிறான். திங்கட்கிழமை காலை, விடுதிக்காரர்கள் சிரிக்கும் பழைய நகைச்சுவை எதுவும் என் மகனுக்குப் புரிவதில்லை. வாரம் ஒரு நாளாவது விளையாட்டு முடிந்து பின்மாலைப் பேருந்தில் வரும் ஏற்பாடு இருக்கிறதா, எப்போதாவது ஓர் இரவு தங்க விடுவார்களா என்று கேளுங்கள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வீடு தூரமான விடுதிப் பையன் ஒருவனை அவுட் பாஸ் வாங்கி வீட்டுக்கு அழைத்து வருகிறோம். வந்த பையன்கள் பதினோரு தோசை வரை சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஆணும் பெண்ணும்

உறவினர்கள் முதலில் கேட்பது இதைத்தான். விடுதிக் கட்டடங்கள் தனித்தனி. சாப்பாடு, படிப்பு, விளையாட்டு சேர்ந்து. எந்த நேரத்தில் எந்த இடம் வரை என்ற விதி எழுத்தில் இருக்கும், வாங்கிப் படியுங்கள். பெண்கள் விடுதியில் இரவு பெண் ஊழியர் இருக்கிறாரா, மாதவிலக்கின்போது நாப்கின் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைத்திருந்தால், பிள்ளைகளை நினைத்துப் பார்த்த யாரோ ஒருவர் அங்கே இருக்கிறார் என்று பொருள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்வது கட்டாயம். பள்ளி அதைத் தனக்குள் பேசி முடிக்க முடியாது. குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டு, அவர் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும், ஆண் பிள்ளைக்கும்தான்.

தமிழ், கன்னடம்

கர்நாடகத்தில் பள்ளிகளில் கன்னடம் கற்பிக்க 2015இல் சட்டம் வந்தது. உங்கள் பள்ளி, உங்கள் பிள்ளையின் வகுப்பில் அதை எப்படி நடத்துகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாடமாக இல்லாவிட்டாலும் கற்றுக்கொள்ளட்டும். விடுதியில் இரவில் பால் கொடுக்கும் அக்கா ‘ஊட்ட ஆய்த்தா?’ (சாப்பிட்டாச்சா?) என்று கேட்கும்போது பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு தம்ளர் கிடைக்கிறது.

தமிழ் நம் பொறுப்பு. ஐபியில், பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தைப் பள்ளியின் உதவியோடு தானே படித்துத் தேர்வெழுதும் வழி ஒன்று உண்டு. தமிழுக்கு அது முடியுமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் பத்தாம் வகுப்பிலேயே பேசுங்கள். அதுவரை, வாரம் ஒரு கடிதம். மகள் பாட்டிக்குத் தமிழில் எழுத வேண்டும், பாட்டி பதில் போடுவார். பிழை திருத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ‘பாட்டி, பள் வலி’ என்று ஒருமுறை எழுதியிருந்தாள், பல் வலியாம்.

பொங்கலன்று பெரும்பாலும் வீட்டில் இருக்க மாட்டார்கள். சங்கராந்திக்கு ஒரு நாள் விடுமுறை இருக்கும், மாட்டுப் பொங்கலுக்குக் கிடையாது. அன்று பள்ளியில் எள்ளும் வெல்லமும் கொப்பரையும் வறுத்த கடலையும் கலந்து கொடுப்பார்கள், சர்க்கரை அச்சோடு. ஒரு கரும்புத் துண்டை வெட்டிக் காகிதத்தில் சுற்றி முன்னதாகவே கொடுத்து அனுப்புகிறேன்.

வெள்ளி மாலை வந்ததும் மதிப்பெண் கேட்காதீர்கள். குளித்துச் சாப்பிட்டு, சனிக்கிழமை பதினோரு மணி வரை தூங்கட்டும். பேச்சு தானாக வரும், பெரும்பாலும் ஞாயிறு மதியம், நீங்கள் வேறு வேலையாக இருக்கும்போது. ஞாயிறு ஆறு மணிக்குள் விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அல்சூரிலிருந்து நாங்கள் மூன்றரைக்குக் கிளம்புகிறோம். மழை என்றால் மூன்று.